நல்லமிளகும் மாவேலிக்கரை உடன்படிக்கையும்

நெருக்கடி வரும்போது நாடுகள் தாங்கள் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றுமா என்று அறிய வெகுதூரம் போக வேண்டாம். நம் மலையோர நல்லமிளகின் வரலாறே போதும்.

1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். போருக்குமுன் நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் திருமுன் வாளை வைத்து வணங்கினார் என்பார்கள். தோற்ற கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1753 ஆகஸ்டில் மாவேலிக்கரையில் உடன்படிக்கை ஆயிற்று. மன்னர் தம் நாட்டிலிருந்து ஆண்டுக்கு 3,000 கண்டி மிளகு, கண்டி 65 ரூபாய்க்குத் தருவார்; இனி பிடிக்கும் நாடுகளிலிருந்து 2,000 கண்டி, 55 ரூபாய்க்கு. (கண்டி என்பது ஏறக்குறைய 500 பவுண்டு.) டச்சுக்காரர் ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்த் தளவாடங்கள் வழங்குவர், மற்ற மலையாள அரசர்களுக்குத் துணைபோகாமல் ஒதுங்கி நிற்பர்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. கொச்சியும் அதன் கூட்டாளிகளும் திருவிதாங்கூரோடு மோதினர். டச்சுக்காரர் அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்று பாராட்டலாம்தான். ஆனால் 1663 முதல் கொச்சி அரசருக்குப் பாதுகாவலர் என்று சொல்லி வந்தவர்களும் இவர்களே. வலியவனுக்குக் கொடுத்த வாக்கு நின்றது. எளியவனுக்குக் கொடுத்தது போயிற்று.

மிளகு கதை வேறு. எழுதிய அளவு கொச்சிக் கிடங்குக்கு வந்து சேரவில்லை. மிளகு வணிகம் முழுவதும் அரசின் கையில். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயரும் வாங்கக் காத்திருந்தனர். வெளியில் கூடுதல் விலை கிடைக்கும்போது ஒப்பந்த விலைக்குச் சரக்கு மெதுவாகத்தானே வரும்? முன்பணம் வாங்கியவர், விலை ஏறியதும் "இன்னும் காயவில்லை" என்பதை நம் கடைத்தெருவில் கேட்காதவர் உண்டா?

படை கொண்டு கேட்கும் வலிமை டச்சுக்காரருக்கு இல்லை. கடிதம், தூதர், நினைவூட்டல் என்றே காலம் ஓடியது. கொச்சியில் ஆளுநராயிருந்த மோன்ஸ் 1781-ல் தமக்குப் பின் வருபவருக்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பிலும் இம்மிளகு விவகாரம் உண்டு. சந்தையோடு ஏறி இறங்கும் விலையைப் பேசியிருந்தால் பாதித் தூதுகள் தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். இருந்தும் உறவு முறியவில்லை. 1766-ல் ஹைதர் அலி மலபாரில் இறங்கிய பிறகு, வடக்கே டச்சுக் கோட்டைகள் இருப்பது திருவிதாங்கூருக்கும் வேண்டியிருந்தது. மிளகுப் பாக்கி பாக்கியாகவே இருக்க, இருவரும் ஒருவரையொருவர் விடவில்லை.

1795-ல் ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்தனர். அத்தோடு அந்தக் கணக்கைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.