இறங்கின அன்றைக்கே ஊர் சுற்றலாமா?

"அம்மா, மதியம் வந்து இறங்கறீங்க. மூணு மணிக்கு லண்டன் டவர், அஞ்சரைக்கு லண்டன் ஐ, ராத்திரி ஏழரைக்கு ஒரு மியூசிகல் நாடகம். டிக்கெட் எல்லாம் புக் பண்ணியாச்சு!"

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆசையாகப் போட்ட திட்டம். குறை சொல்ல மனசு வராதுதான். ஆனால் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மாவின் உடம்பு இந்தத் திட்டத்துக்கு ஒத்துக்கொள்ளுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கோடைக் காலத்தில், சென்னையிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விட்டு ஒரு மணிக்கே கிளம்பியாக வேண்டும். அன்று ராத்திரித் தூக்கம் அங்கேயே போச்சு. நேராகப் பறந்தாலும் லண்டனுக்குச் சுமார் 11 மணி நேரம். இறங்கும்போது அங்கே பகல் 12 மணி. நம்மூரில் மாலை நாலரை. பாஸ்போர்ட் வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பது, ஊருக்குள் போய்ச் சேர்வது எல்லாம் முடிந்து அறைக்குள் நுழைய மணி மூன்றாகிவிடும். முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர் அப்போது 37 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறார். நடுவே பிளேனில் போட்ட கோழித்தூக்கத்தைத் தூக்கம் என்று சொல்ல முடியுமா என்ன!

அந்த நாடகம் தொடங்கும் ஏழரை மணி, நம் உடம்புக்குச் சரியாக நள்ளிரவு 12. இருட்டான அரங்கம், மெத்தென்ற இருக்கை... ஆயிரக்கணக்கில் பணம் கட்டித் தூங்கிவிட்டு வருவீர்கள். அவ்வளவுதான்.

உள்ளே ஓடும் கெடிகாரம்

கைக்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது ஒரு நொடி வேலை. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அப்படித் திரும்பாது. மூளையின் அடிப்பாகத்தில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. தூக்கம், பசி, உடல் சூடு எல்லாவற்றுக்கும் வேளை குறித்துக் கொடுப்பது அதுதான். உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலோருக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. அதனால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். மேற்கே லண்டனுக்குப் போகும்போது நாள் நீளுகிறது. திரும்பிக் கிழக்கே வரும்போதுதான் நிஜமான அவஸ்தை! 'போன இடத்தில் நல்லா இருந்தேன், வந்துதான் பத்து நாள் படுத்திடுச்சு' என்று பலர் சொல்வது இதனால்தான். சுமாராக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். எனவே நாலைந்து நாள் பொறுக்கத்தான் வேண்டும்.

தூக்கம் மட்டும் பிரச்னை இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். அதாவது, கிட்டத்தட்ட ஊட்டியில் 11 மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். காற்றில் ஈரமும் மிகக் குறைவு. வாய் வறளும், கண் எரியும், கால் வீங்கும். 'எழுந்து போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்மணிகளுக்கு இன்னும் மோசம்.

சரி, அன்றைக்கு என்னதான் செய்வது?

அறையிலேயே படுத்துக் கிடக்கச் சொல்லவில்லை. அது இன்னொரு தப்பு. மூன்று மணிக்குப் படுத்தால் எட்டு மணிக்கு எழுந்து, ராத்திரி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குளித்து, லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். கண்ணைச் சுழற்றினால் 20, 30 நிமிஷம் படுக்கலாம். எழுப்ப ஒரு ஆள் அல்லது அலாரம் கட்டாயம் வேண்டும். நாலரைக்கு வெளியே கிளம்புங்கள். மாலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் மேற்கே போகிறவர்களுக்கு நல்ல மருந்து. காசில்லாத மருந்தும்கூட.

முதல் நாளுக்கு இடம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு விதி சொல்வேன். அந்த இடத்துக்கு டிக்கெட் இருக்கக்கூடாது. பணம் கட்டிய இடம் என்றால், தலை சுற்றினாலும் பாதியில் திரும்ப மனசு வராது நமக்கு! லண்டனில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஹைட் பார்க்கில் 350 ஏக்கர் பசுமை, நடுவே செர்பன்டைன் ஏரி, உட்கார நிறைய பெஞ்சுகள். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் கூழைக்கடா பறவைகள் உண்டு. 1664-ல் ரஷ்யத் தூதர் இங்கிலாந்து மன்னருக்குப் பரிசாகக் கொடுத்த காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. அதன் ஒரு முனையில் பக்கிங்ஹாம் அரண்மனை. மறுமுனையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பார்லிமென்ட் கட்டிடமும் பிக் பென் கோபுரமும். மெதுவாக நடந்து, உட்கார்ந்து, மறுபடி நடந்து... ஒரு மணி நேரத்தில் 'லண்டனைப் பார்த்துட்டேன்' என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம்.

மாடி பஸ்ஸில் ஏற ஆசையா? ஏறுங்கள். ஆனால் அன்றைக்குக் கீழ்த்தட்டிலேயே உட்காருங்கள். ஓடுகிற பஸ்ஸில் படியேறுவது, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் முழங்காலுக்கு ஆகாது. அங்கே பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை என்பதால் கார்டு கைவசம் இருக்கட்டும்.

ஏழு மணிக்குள் இரவுச் சாப்பாடு. ரசம் சாதம் கிடைத்தால் பாக்கியம். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். ஒன்பது மணிக்குப் படுங்கள். அப்போது நம்மூரில் ராத்திரி ஒன்றரை மணி. வெளியே சூரியன் இருக்கும், பயப்படாதீர்கள்! ஜூனில் அங்கே ஒன்பதேகால் மணிக்கு மேல்தான் அஸ்தமனம். திரையை இழுத்து மூடிவிட்டால் போச்சு.

விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து பால் வாங்கிப் பழகியவரா நீங்கள்? லண்டனில் அது ராத்திரி ஒரு மணி. டாணென்று விழிப்பு வரும். விளக்கைப் போடாமல், போனை எடுக்காமல் படுத்தே இருங்கள். பசித்தால் இரண்டு பிஸ்கட் போதும். தூக்க மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, பிளேனில் வேண்டவே வேண்டாம். ஒரே நிலையில் அசையாமல் மரக்கட்டை போலத் தூங்குவது காலுக்கு ஆபத்து.

டிசம்பரில் போகிறவர்கள் திட்டத்தை மாற்றிப் போட வேண்டும். அப்போது நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பெட்டியை வைத்துவிட்டு உடனே ஒரு நடை நடந்து வந்து, அப்புறம் ஓய்வெடுங்கள். கோட்டு, குல்லாயைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நடுங்காதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். துபாய், தோஹா வழியாக வந்து காலை ஏழு மணிக்கு இறங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. ஹோட்டல் அறை பெரும்பாலும் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முந்தின இரவுக்கும் வாடகை கட்டி அறையை எடுத்து வைப்பது பெரியவர்களுக்கு வீண் செலவே அல்ல. குரூப் டூரில் போனால், 'முதல் நாள்: வருகை, நகர் சுற்றுலா' என்று அச்சடித்திருப்பதன் அர்த்தத்தைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து நேரே பஸ்ஸில் ஏற்றிச் சுற்றுவார்களா, அறைக்கு முதலில் கூட்டிப் போவார்களா?

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு

மருந்து எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மேற்கே போகும் நாள் நீளமானது, திரும்பும் நாள் குட்டையானது. அதற்கேற்ப இன்சுலின் அளவு மாறலாம். பயணச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பார்த்து, எந்த மணிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'காலையில் ஒண்ணு' என்ற மாத்திரையைச் சென்னைக் காலையிலும் லண்டன் காலையிலுமாக இரண்டு முறை விழுங்குகிறவர்கள் உண்டு. பூங்காவில் நடக்கும்போது சர்க்கரை இறங்கினால் களைப்பு என்றே தோன்றும். பையில் மிட்டாய் இருக்கட்டும்.

இன்னொன்று, இது முக்கியம். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. அப்படியும் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தவர் அதைப் 'பிரயாண அலுப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதுதான் பயம். இரண்டு காலும் சமமாக வீங்கி, படுத்து எழுந்தால் வடிவது சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999-ஐக் கூப்பிட வேண்டும். முதல் நாள் என்றில்லை, சில வாரங்கள் கழித்தும் இது வரலாம்.

டவர், ராட்டினம் எல்லாம் மறுநாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் போகட்டும். எப்படியும் சீக்கிரம் விழித்துவிடுவீர்கள், ஆகையால் பெரிய இடத்தைக் காலையில் வையுங்கள். பிரிட்டிஷ் மியூசியம் பத்து மணிக்குத் திறக்கும், அனுமதி இலவசம். நம் எழும்பூர் மியூசியத்தில் பார்த்த அமராவதிச் சிற்பங்களின் உடன்பிறப்புகள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.