சொல்லும் பண்பும்: கற்றலில் மொழியின் பங்கு

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் இயல வேண்டியவை

- பண்பு பற்றிய ஆய்வுகள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதை விளக்குதல்.
- பாராட்டுச் சொற்கள் மாணவரின் முயற்சியையும் நேர்மையையும் எவ்வாறு பாதிக்கலாம் என்பதைச் சான்றுடன் கூறுதல்.
- ஓர் ஆய்வின் முடிவை அதன் எல்லையுடன் சேர்த்து எழுதுதல்.
- கற்ற விடயத்தை உங்கள் பரீட்சை ஆயத்தத்தில் பயன்படுத்துதல்.

1. அறிமுகம்

மாணவர்களே, தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்ததும் வகுப்பறையில் எழும் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். கூடிய புள்ளி எடுத்தவரை "மண்டைக்காய்" என்போம். குறைந்த புள்ளி எடுத்தவர் "எனக்குக் கணக்கு ஓடாது", "என்னால் ஏலாது" என்பார். இவை வெறும் பேச்சாகவே தோன்றும். ஆனால் இரண்டிலும் ஒரே கருத்து மறைந்துள்ளது. திறமை பிறப்பிலேயே அளந்து தரப்பட்டது, சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்பதே அக்கருத்தாகும்.

இச்சொற்கள் மாணவரின் நடத்தையை மாற்றுமா? ஒருவர் முயற்சியைக் கைவிடுவதற்கும், பொய் சொல்வதற்கும்கூட அவை காரணமாகுமா? இவ்வினாக்களுக்கு ஊகத்தால் அன்றி ஆய்வினால் விடை தேட முயன்றவர்கள் உளர். அவர்கள் கண்டவற்றையே இப்பாடம் எடுத்துரைக்கின்றது. கல்வி, ஒழுக்கம், முயற்சி ஆகியன பற்றிக் கட்டுரை எழுதும்போதும் இச்சான்றுகள் உங்களுக்குப் பயன்படும்.

2. நேர்மையை அளந்த ஆய்வு

பண்பை அளக்க முடியுமா என்ற வினா பழையது. 1920களில் ஐக்கிய அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ண், மார்க் மே என்னும் இருவர் இதற்கெனப் பெரிய ஆய்வொன்றை நடத்தினர். இதன் முடிவுகள் 1928 முதல் 1930 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. 10,000 க்கும் மேற்பட்ட சிறுவர்களின் நேர்மை இதில் சோதிக்கப்பட்டது.

அவர்கள் பயன்படுத்திய முறைகளுள் ஒன்று பின்வருமாறு:

(அ) மாணவர்கள் ஒரு சோதனைக்கு விடை எழுதினர். தாள்கள் சேகரிக்கப்பட்டன.
(ஆ) மாணவர் அறியாதவாறு அவ்விடைகள் பிரதி செய்யப்பட்டன.
(இ) பின்னர் தாள்களும் சரியான விடைகளும் மாணவரிடம் கொடுக்கப்பட்டு, தம் தாளைத் தாமே திருத்துமாறு கூறப்பட்டது.
(ஈ) திருத்திய தாளைப் பிரதியுடன் ஒப்பிட்டபோது விடையை மாற்றியவர் யார் என்பது தெரியவந்தது.

இவ்வாறே விளையாட்டு, வீட்டு வேலை போன்ற வேறு சூழல்களிலும் சோதனைகள் நடத்தப்பட்டன. பெறப்பட்ட முடிவு பலரை வியக்கச் செய்தது. வகுப்புச் சோதனையில் விடையை மாற்றிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக நடந்தது. விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை வகுப்பில் நேர்மையாக இருந்தது. ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைக் கொண்டு இன்னொரு சூழலில் அவர் எவ்வாறு நடப்பார் என்பதை உறுதியாகக் கூற முடியவில்லை. நல்லது எது, கெட்டது எது என்று அறிந்திருந்தமை மட்டும் நேர்மையாக நடக்கப் போதுமானதாக இருக்கவில்லை.

1963 இல் இதே தரவுகள் மீள ஆராயப்பட்டன. எல்லாச் சூழலுக்கும் பொதுவான நேர்மைப் போக்கும் ஓரளவு உண்டு என அப்போது காட்டப்பட்டது. எனவே சரியான முடிவு இதுவாகும்: பண்பு ஆளைப் பொறுத்தது, அதே வேளை சூழலையும் பெரிதும் பொறுத்தது.

3. பாராட்டுப் பற்றிய ஆய்வு

சூழல் என்றதும் இடமும் ஆட்களுமே நினைவுக்கு வரும். ஆனால் நம்மிடம் சொல்லப்படும் சொல்லும் சூழலின் ஒரு பகுதியே. இதனைச் சோதித்தவர்கள் குளோடியா மியூலர், கரோல் டுவெக் ஆகிய இரு உளவியலாளர்கள். 1998 இல் வெளியான அவர்களது கட்டுரையில் ஆறு பரிசோதனைகள் இடம்பெற்றன. ஐந்தாம் தரத்தில் கற்ற 400 க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிறுவர்கள் இவற்றில் பங்குபற்றினர்.

பரிசோதனையின் படிமுறை

படி 1: பிள்ளைகள் உருவக் கோலங்களைக் கொண்ட புதிர்களைச் செய்தனர். மிக நன்றாகச் செய்ததாக எல்லோருக்கும் கூறப்பட்டது.

படி 2: பிள்ளைகள் எழுந்தமானமாக மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழுவிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்ற கருத்தும், இரண்டாம் குழுவிடம் "நீ நன்றாக முயன்றிருக்கிறாய்" என்ற கருத்தும் மேலதிகமாகக் கூறப்பட்டன. மூன்றாம் குழுவிடம் மேலதிகமாக எதுவும் கூறப்படவில்லை. இது கட்டுப்பாட்டுக் குழு எனப்படும்.

படி 3: கடினமான புதிர்கள் கொடுக்கப்பட்டன. இம்முறை மோசமாகச் செய்ததாக எல்லோருக்கும் கூறப்பட்டது.

படி 4: முதலிற் கொடுத்தவற்றை ஒத்த கடினமுள்ள புதிர்கள் மீண்டும் கொடுக்கப்பட்டன.

மூன்று குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரேயொரு வாக்கியம் மட்டுமே என்பதைக் கவனிக்குக.

பெறுபேறுகள்

(i) தெரிவு: "கெட்டிக்காரர் எனக் காட்ட உதவும் புதிர்கள் வேண்டுமா, பிழைவிட்டாலும் புதிதாகக் கற்கக்கூடிய புதிர்கள் வேண்டுமா?" என்ற வகையில் ஒரு பரிசோதனையில் வினவப்பட்டது. கெட்டிக்காரர் எனப் பாராட்டப்பட்டவர்களில் 67 சதவீதத்தினர் முதல் வகையைத் தெரிந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 8 சதவீதத்தினரே அதனைத் தெரிந்தனர்.

(ii) செயற்றிறன்: தோல்வியின் பின்னர் செய்த புதிர்களில், கெட்டிக்காரர் எனப் பாராட்டப்பட்ட குழுவின் புள்ளி முன்னரைவிடக் குறைந்தது. முயற்சிக்காகப் பாராட்டப்பட்ட குழுவின் புள்ளி கூடியது.

(iii) நேர்மை: ஒரு பரிசோதனையில், வேறொரு பாடசாலைப் பிள்ளைக்கு இப்புதிர்களைப் பற்றி எழுதி, தான் பெற்ற புள்ளியையும் குறிப்பிடுமாறு கூறப்பட்டது. பெயர் எழுத வேண்டியதில்லை. முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் 13 சதவீதத்தினரும் கட்டுப்பாட்டுக் குழுவில் 14 சதவீதத்தினரும் புள்ளியை உண்மைக்கு மாறாக எழுதினர். கெட்டிக்காரர் எனப் பாராட்டப்பட்டவர்களில் அவ்வாறு எழுதியோர் 38 சதவீதத்தினர்.

4. ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?

மூன்றாவது பெறுபேறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அப்பிள்ளைகளுக்கு எவரும் பொய் சொல்லக் கற்பிக்கவில்லை. குழுக்கள் எழுந்தமானமாகப் பிரிக்கப்பட்டமையால், ஒரு குழுவிலே மட்டும் பொய்யர்கள் கூடியிருந்தனர் என்றும் கூற முடியாது. அவர்களுக்குக் கிடைத்தது அன்பாகச் சொல்லப்பட்ட ஒரு பாராட்டு மட்டுமே.

ஆய்வாளர் தரும் விளக்கம் பின்வருமாறு: "நீ கெட்டிக்காரன்" என்னும்போது புள்ளி ஆளை அளக்கும் கருவியாகிவிடுகிறது. கூடிய புள்ளி எடுத்தமையால் கெட்டிக்காரன் என்றால், குறைந்த புள்ளி எடுக்கும்போது மொக்கன் என்றாகிவிடும். ஆகவே தோல்வி வெட்கத்துக்குரியதாகிறது; வெட்கத்தை மறைக்கத் தோன்றுகிறது. "நீ முயன்றாய்" என்னும்போது புள்ளி அளப்பது வேலையை. அது குறைந்தால் வேலையின் முறையை மாற்றலாம். மறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

எனவே பிள்ளையின் நேர்மை அறிவுரையால் மட்டும் வளர்வதில்லை. உண்மையைச் சொன்னால் தன் மதிப்புக் குறையாது என்ற நிலை இருக்கும்போது நேர்மையாக நடப்பது எளிதாகிறது. அந்நிலையை ஆக்குவதிலும் அழிப்பதிலும் மொழிக்குப் பங்குண்டு.

5. உட்பேச்சு

பிறர் சொல்லும் சொல் காலப்போக்கில் நாம் நமக்கே சொல்லும் சொல்லாகிறது. சோவியத் உளவியலாளர் லெவ் வைகொட்ஸ்கி (1896-1934) இதனை விரிவாக ஆராய்ந்தார். சிறுபிள்ளைகள் விளையாடும்போதும் வரையும்போதும் தமக்குத் தாமே வாய்விட்டுப் பேசுவர். வேலையில் தடை ஏற்படும்போது இப்பேச்சுக் கூடுவதை அவர் கண்டார். எனவே அது பயனற்ற பேச்சு அன்று. பிள்ளை தன் செயலை வழிநடத்தும் கருவி என்றார். வளர வளர அப்பேச்சு உள்ளே சென்று, ஓசையற்ற உட்பேச்சாக மாறுகிறது என்பது அவரது கொள்கை.

பரீட்சை மண்டபத்தில் கடினமான வினாவைக் கண்டதும் உங்கள் உள்ளே எழும் பேச்சு இதுவே. "ஏலாது" என்ற சொல் அங்கே எழுந்தால் பேனை நின்றுவிடும். "தரப்பட்டவை எவை? காண வேண்டியது எது?" என்ற வினா எழுந்தால் முதல் வரியையாவது எழுதலாம்.

6. ஆய்வின் எல்லைகள்

ஓர் ஆய்வை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தவறு. பின்வருவனவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

- 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், சீனாவில் 600 க்கும் மேற்பட்ட பிள்ளைகளுடன் பாராட்டுப் பரிசோதனை மீளச் செய்யப்பட்டது. கெட்டிக்காரர் என்ற பாராட்டால் செயற்றிறன் குறைந்தது என்பதற்கு அங்கு தெளிவான சான்று கிடைக்கவில்லை.
- அதே 2019 இல் டேவிட் யேகர் குழுவினர், அமெரிக்காவில் ஒன்பதாம் தரத்தில் கற்ற ஏறத்தாழ 12,000 மாணவருடன் செய்த ஆய்வை வெளியிட்டனர். திறமை வளரக்கூடியது என ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கணினி வழியே கற்பிக்கப்பட்டது. அடைவு குறைந்த மாணவரின் சராசரிப் பெறுபேறு, 4 புள்ளி அளவீட்டில் 0.1 அளவு உயர்ந்தது. இது சிறிய உயர்வு. ஆயினும் மிகக் குறைந்த நேரத்தில் பெறப்பட்டது.
- முயற்சியைப் புகழ்வது மட்டும் போதாது என டுவெக்கே பின்னாளில் எச்சரித்துள்ளார். பிழையான முறையில் நூறு தடவை முயல்பவருக்குத் தேவை புகழ்ச்சி அன்று; சரியான முறையாகும்.

எனவே சொல் மட்டும் மாணவரை உயர்த்திவிடும் என எழுதாதீர்கள். சொல் ஒரு காரணி. ஆசிரியர், நூல், படிக்கும் நேரம், வீட்டு நிலை ஆகியனவும் காரணிகளே.

7. உங்கள் படிப்பில் பயன்படுத்துங்கள்

திருக்குறளில் முயற்சிக்கென ஆள்வினையுடைமை என்னும் தனி அதிகாரமே உண்டு. ஆயினும் "முயல்க" என்ற பொதுச்சொல்லுடன் நின்றுவிடாது, எதை, எவ்வாறு முயல்வது என்பதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அதற்கான வழி, ஆளைப் பற்றிய வாக்கியத்தை வேலையைப் பற்றிய வாக்கியமாக மாற்றுவதாகும்.

"எனக்குக் கணிதம் ஏலாது" என்பதை, "இருபடிக் கோவையின் காரணிகளைக் காணும்போது சய அடையாளத்தைத் தவறவிடுகிறேன்" என மாற்றுக.

"எனக்குக் கட்டுரை வராது" என்பதை, "என் கட்டுரையில் கருத்துண்டு, பந்தி பிரிக்கவில்லை" என மாற்றுக.

"நான் வரலாற்றில் மண்டைக்காய்" என்பதை, "காலக்கோடு வரைந்து படித்தமையால் ஆண்டுகள் நினைவில் நின்றன" என மாற்றுக.

முதல் வாக்கியங்களை வைத்துக்கொண்டு நாளை எதுவும் செய்ய இயலாது. இரண்டாம் வாக்கியங்கள் நாளை செய்ய வேண்டிய வேலையைக் காட்டுகின்றன. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து நீங்களே திருத்தும்போது விடையைப் பார்த்து எழுதிப் புள்ளியைக் கூட்டாதீர்கள். அப்புள்ளியால் ஏமாறுபவர் நீங்கள் மட்டுமே. எங்கே பிழைவிடுகிறீர்கள் என்பதும் மறைந்துவிடும். உங்கள் தம்பி தங்கையரைப் பாராட்டும்போதும் அவர்கள் செய்த வேலையைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

நினைவிற் கொள்க

- நேர்மை ஆளையும் சூழலையும் பொறுத்தது.
- நமக்குச் சொல்லப்படும் சொல்லும் சூழலின் பகுதியே.
- புள்ளி வேலையை அளக்கின்றது, ஆளை அன்று.
- ஆய்வு முடிவுடன் அதன் எல்லையையும் எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. மியூலர், டுவெக் ஆகியோரின் ஆய்வில் மேலதிகமாக எதுவும் கூறப்படாத குழு
(1) முயற்சிக் குழு (2) மாதிரிக் குழு (3) கட்டுப்பாட்டுக் குழு (4) ஒப்படைக் குழு

2. உட்பேச்சுப் பற்றி ஆராய்ந்தவர்
(1) மார்க் மே (2) வைகொட்ஸ்கி (3) யேகர் (4) ஹார்ட்ஷோர்ண்

3. பிள்ளைகளை எழுந்தமானமாகக் குழுக்களாகப் பிரித்தமைக்கான காரணத்தை விளக்குக.

4. "ஒருமுறை ஏமாற்றியவர் எங்கும் ஏமாற்றுவார்." இக்கூற்றை ஆய்வுச் சான்றுடன் ஆராய்க.

5. உங்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி கூறும் வாக்கியங்கள் இரண்டை எழுதி, அவற்றை வேலையைப் பற்றிய வாக்கியங்களாக மாற்றுக.

விடைகள்

1. (3)  2. (2)

3. மாதிரி விடை: எழுந்தமானமாகப் பிரிக்கும்போது திறமையுள்ளோரும் அற்றோரும், நேர்மையாளரும் அல்லாதோரும் எல்லாக் குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவுவர். ஆகவே பின்னர் குழுக்களிடையே தோன்றும் பெரிய வேறுபாட்டுக்கு, அவர்களிடம் கூறப்பட்ட வேறுபட்ட வாக்கியமே காரணம் எனக் கருத முடியும்.

4 ஆம் வினாவுக்குப் பிரிவு 2 இன் ஆய்வு முடிவையும் 1963 ஆம் ஆண்டின் மீளாய்வையும் சேர்த்து எழுதுக. ஒன்றை மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. 5 ஆம் வினாவுக்கான விடையை உங்கள் கணிதப் பயிற்சிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த தவணைப் பரீட்சையின் பின் மீண்டும் வாசித்துப் பாருங்கள்.