மன்னிப்பும் பொறுப்பும்

பள்ளி நண்பனின் பாட்டி இறந்த செய்தியைக் கேட்டதும் ஒரு மாணவன் வருந்துகிறான். அந்த இழப்பில் அவனது தவறு எதுவும் இல்லை. அதே மாணவன் நண்பனிடம் இரவல் வாங்கிய மிதிவண்டியை உடைத்துவிட்டால், வருந்தினால் மட்டும் போதாது. மன்னிப்புக் கேட்க வேண்டும். வருத்தம் மனத்தில் தோன்றும் உணர்வு. மன்னிப்புக் கேட்பதோ தவற்றை ஏற்றுக்கொள்ளும் செயல்.

இன்று மன்னிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'அப்பாலஜி'. இது 'அப்போலோகியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லின் பொருள் தற்காப்புரை என்பதாகும். கி.மு. 399இல் ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் ஆற்றிய உரையைப் பற்றிப் பிளேட்டோ எழுதிய நூலுக்கும் இதுவே பெயர். அவ்வுரையில் சாக்ரட்டீஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. தம் பக்கத்து நியாயத்தையே எடுத்துரைத்தார். காலப்போக்கில் அச்சொல்லின் பொருள் மாறியது.

தமிழிலோ 'பொறு' என்னும் வேர்ச்சொல் இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. பொறுத்தல் என்றால் சுமையைத் தாங்குதல். பிறர் பிழையை மன்னித்தல் என்றும் பொருள்படும். பொறுமை, பொறுப்பு ஆகிய சொற்களும் இவ்வேரிலிருந்தே பிறந்தவை. திருக்குறளில் 'பொறையுடைமை' என ஓர் அதிகாரமே உள்ளது. தவறு செய்தவர் பொறுப்பைச் சுமக்கிறார். பாதிக்கப்பட்டவர் அப்பிழையைப் பொறுக்கிறார். இருவர் தோளிலும் சுமை உண்டு.

இவ்வேறுபாடு ஒரு நாட்டையே சிந்திக்க வைத்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டனர். நாடாளுமன்றங்கள் இதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 1999இல் நாடாளுமன்றம் ஆழ்ந்த வருத்தம் மட்டுமே தெரிவித்தது. முன்னோர் செயலுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பேற்க இயலாது என்பது அன்றைய அரசின் நிலைப்பாடு. பிரிக்கப்பட்டவர்களில் பலர் அந்த வருத்தத்தால் ஆறுதல் அடையவில்லை. 2008 பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட், முந்தைய அரசுகளின் சட்டங்களும் கொள்கைகளுமே அத்துன்பத்தை விளைவித்தன என ஏற்று, நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்ட பலர் கண்ணீர் வடித்தனர். இழந்த குழந்தைப் பருவம் திரும்பவில்லை. ஆயினும், தங்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதை நாடே ஒப்புக்கொண்டதை அவர்கள் கண்டனர்.

அன்றாட வாழ்விலும் இது பொருந்தும். "மன்னித்துவிடு, ஆனால் நீதான் முதலில் கோபப்பட்டாய்" என்று ஒருவர் கூறினால், அது மன்னிப்பு ஆகாது. பழைய கிரேக்கப் பொருளிலான தற்காப்புரையே ஆகும். "நான் செய்தது தவறு" என்று ஏற்பதோடு, உடைந்த மிதிவண்டியைப் பழுதுபார்த்துக் கொடுப்பதே பொறுப்பு. அதன்பின் மன்னிப்பதும் மன்னிக்காததும் நண்பனின் உரிமை.