கோவாட்டி

மத்திய அமெரிக்கக் காடுகளில் கோவாட்டி என்னும் விலங்கு வாழ்கின்றது. அது பூனையினும் சற்றுப் பெரியது. நீண்டு வளையும் மூக்கினால் சருகுகளைக் கிளறிப் பூச்சி புழுக்களைத் தேடித் தின்னும். உதிர்ந்த கனிகளிலும் அதற்கு விருப்பம் மிகுதி. மரத்தினின்று தலைகீழாகவே இறங்கும். பின்னங்காற் கணுக்கள் பின்புறமாகத் திரும்பும் இயல்பினவாதலின் அஃது எளிதாகின்றது. கூட்டமாகச் செல்லுங்கால் ஒவ்வொன்றும் தன் வாலைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்திக்கொள்ளும்.

இக்கூட்டங்களில் இருப்பவை பெண்களும் குட்டிகளுமே. ஏறத்தாழ இரண்டு வயதானதும் ஆண் விலகித் தனியே திரியும். இவ்வாறு திரிந்த ஆண்களை வேறோர் இனம் என்றே முற்காலத்து அறிஞர் சிலர் எண்ணி மயங்கினர்! ஜான் காஃப்மன் என்பார் பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் இவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1962-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார்.

ஆண்கள் சிலவேளை குட்டிகளைக் கொன்று தின்பதும் உண்டு. ஆதலின் பெண்கள் ஒன்றுகூடி அவற்றை விரட்டும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஓர் ஆண் கூட்டத்தினுள் இடம் பெறும். அக்காலம் கழிந்ததும் அதற்கும் அங்கே இடமில்லை.

குட்டி ஈனும் காலத்தில் தாய் கூட்டத்தைப் பிரிந்து, உயர்ந்த மரத்தில் கூடு அமைக்கும். அது இரைதேடச் சென்ற வேளையில், வெண்முகக் கபுச்சின் குரங்குகள் வந்து குட்டிகளைத் தின்றுவிடுவதுண்டு. ஐந்தாறு வாரங்கள் சென்றபின், எஞ்சிய குட்டிகளுடன் தாய் தரைக்கு இறங்கித் தன் கூட்டத்தை நாடிச் செல்லும்.