பற்றிக்கொள்ளத் தெரியாத குட்டி

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

ஒரகடம் கூட்டுச்சாலைப் பக்கம் கிளினிக் திறந்து மூன்று வாரம் ஆகிறது, வருவதெல்லாம் பூனைக்குட்டி, அதுவும் வயிற்றுப்போக்கோடு என்று போனில் சொன்னாய். "இதுக்கா சார் அஞ்சரை வருஷம் படிச்சேன்?" என்றும் கேட்டாய். இதற்கும்தான் அம்மா. போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். என் மகளைவிட உனக்கு வயது குறைவு. 'நீ' என்றே எழுதுவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நான் இந்தப் பக்கம் கால்நடை உதவி மருத்துவராக வந்தபோது ஏரியும் நெல்லும்தான். காலையில் வயிறு உப்பிய மாடு, மத்தியானம் சினை பார்க்க வேண்டிய எருமை, சாயங்காலம் கழிச்சல் கண்ட ஆடு. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தார்கள். மேய்ச்சல் நிலம் பிளாட் ஆனது, மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசை வீடுகள் எழுந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியே திறந்துவிட்டார்கள். கன்றுக்குட்டியோடு வளர்ந்து இப்போது பங்க் பெட்டில் படுத்துத் தூங்கும் பிள்ளைகள், கேன்டீன் பின்பக்கம் கத்துகிற குட்டியைக் கண்டால் விட்டுவிட்டு வருவார்களா? தாய்ப்பூனை லாரியில் அடிபட்டிருக்கும். குட்டி, ஏதோ உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியில் உன் மேஜைக்கு வந்துவிடும்.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மார்கழி இரவு. பீகார் பையன் ஒருவன் ஹெல்மெட்டுக்குள் வைத்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். மூன்று வாரக் குட்டி. பின்பக்கமெல்லாம் மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்தது. கழிச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் போட்டேன். பசித்திருக்கும், சூடாகப் பால் கொடு என்று அனுப்பினேன். விடிவதற்குள் செத்துவிட்டது. பையன் திரும்பக் கொண்டுவந்தான், நான் அறுத்துப் பார்த்தேன். இரைப்பையில் பால் அப்படியே கட்டியாக நின்றது. உடம்பு சில்லிட்ட குட்டிக்குக் குடல் நகராது. உள்ளே போன பால் செரிக்காது, கெட்டுப்போகும், புரையேறி நுரையீரலுக்கும் போகும். நான் தெர்மாமீட்டரைத் தொடவே இல்லை. மருந்து தப்பில்லை, வரிசை தப்பு. அன்றிலிருந்து எனக்கு ஒரே வரிசைதான்: சூடு, எடை, நீர், உணவு, அதற்குப் பிறகு மருந்து.

'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்றால் வறுமையைச் சொல்வார்கள். பூனைக்கோ அதுவே வைத்தியம். கதகதப்பான சாம்பலைத் தேடிப்போய்ப் படுக்கும். விடுதி அறையில் அடுப்பு ஏது? இண்டக்ஷன் ஸ்டவ் இருந்தாலே பெரிது. பிறந்த முதல் வாரத்தில் குட்டியின் உடல் சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். ஒரு மாதம் தாண்டியதற்கு 38, 39. 35க்குக் கீழே இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதே. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வை, ஒட்டி வைக்காதே. மெதுவாகச் சூடேற்று. சூடு தாங்காமல் நகர்ந்துகொள்ளப் பெட்டியில் இடமும் விடு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் இருந்து வந்த குட்டியென்றால் கதை தலைகீழ். அதனால்தான் ஊகிக்காதே, அளந்து பார் என்கிறேன்.

அடுத்து எடை. சமையல்கட்டுத் தராசு போதும், கிராம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், நல்ல குட்டி நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறும், ஒரு மாதத்தில் 400ஐத் தொடும். ஏறாமல் நின்றாலே கவலைப்படு, இறங்கினால் காத்திருக்காதே. வயது தெரியவில்லையா, வாயைத் திற. முன்பல் எட்டிப் பார்த்தால் மூன்று வாரத்தை ஒட்டி இருக்கும். மருந்தின் அளவும் இந்தத் தராசிலிருந்துதான் வர வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கான மாத்திரையைக் கண்ணளவில் கிள்ளிக் கொடுக்கிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. 400 கிராம் உயிரிடம் அந்தக் கைப்பழக்கம் செல்லாது.

நீர். தோலைக் கிள்ளிவிட்டுப் பார்ப்பது பெரிய பூனைக்குச் சரி. ஆறு வாரத்துக்குக் கீழே அதை நம்பாதே. ஈறு ஒட்டுகிறதா, காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். ஈரப் பஞ்சால் கீழே தடவி மூத்திரம் போகவிடு; சிறு குட்டியின் மூத்திரம் தண்ணீர்போல இருக்க வேண்டும், மஞ்சளாக வந்தால் உடம்பு வற்றுகிறது என்று பொருள். 400 கிராம் குட்டி எட்டு சதவீதம் வற்றியிருந்தால் இழந்தது 32 மில்லி. மனிதனுக்கு அது ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை, இதற்கு உயிர். வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட்டைத் தோலுக்கடியில் பிரித்துப் பிரித்துக் கொடு. அன்றாடத் தேவையைத் தனியாகக் கணக்கிடு. துவண்டு கிடந்தால் சர்க்கரைக் கரைசலை ஈறில் தடவு. அதன் ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு. அதனால்தான் 'லங்கணம் பரம ஔஷதம்' பூனைக்குட்டிக்கு ஒத்துவராது. ஒரு நாள் பட்டினி போட்டு வயிற்றைக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துச் சொல்.

உணவில்தான் பாதி நோய் இருக்கிறது. பாக்கெட் பால் கொடுத்திருப்பார்கள். பூனைப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட மிகுதி. பசும்பாலைக் கொண்டு அந்தச் சத்தை எட்டுவதற்குள் லாக்டோஸ் அளவுக்கு மீறிப் போய்விடும். குடல் தாங்காது, கழியும். குட்டிகளுக்கான பால்பவுடர் கிடைக்கிறது. அதையும் ஆசையில் அள்ளிக் கொடுத்தால் கழியத்தான் செய்யும். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி. 200 கிராம் குட்டிக்கு 8 மில்லி, அதோடு நிறுத்து. ஒரு மாதம் தாண்டி மென்று தின்னத் தொடங்கியதென்றால் உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். தயிர்சாதம் நமக்கு வயிற்றுக்கு இதம், பூனையோ இறைச்சி தின்னப் பிறந்தது.

ஊட்டும் விதத்தையும் கேள். நம் வீட்டில் பிள்ளையை மடியில் மல்லாத்திச் சங்கில் புகட்டுவோம். அதே அன்போடு, அதே மாதிரி, இந்தப் பிள்ளைகள் குட்டியையும் மல்லாத்திப் பிடித்து ஃபில்லரில் ஊற்றுகிறார்கள். பால் மூச்சுக்குழலுக்குப் போகிறது. குட்டியைக் குப்புறப் படுக்கவைத்து, தாயிடம் குடிப்பதுபோலத் தலையை லேசாகத் தூக்கி ஊட்டக் கற்றுக்கொடு. சொன்னால் போதாது. உன் மேஜையில் அவர்கள் கையாலேயே ஒரு முறை செய்யவைத்துப் பார்.

இப்போது மருந்து. ஆன்டிபயாடிக்கை எடுக்கும் முன் மைக்ராஸ்கோப்பைத் திற. ஒரு துளி மலத்தை உப்புநீரில் கலந்து உடனே பார்த்தால் ஜியார்டியா ஓடுவது தெரியலாம். நிறைகரைசலில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் உருண்டைப் புழுவின் முட்டையும் காக்சிடியாவும் மேலே வரும். உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும். ஆகையால் மூன்றாவது வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கொரு முறை பூச்சி மருந்து கொடு. சாதாரணக் கழிச்சலுக்கெல்லாம் மெட்ரோனிடசோல் எழுதிக் குடலில் இருக்கும் நல்ல கிருமியையும் கொல்லாதே. ரத்தம், காய்ச்சல், துவளல் என்றால் வேறு கணக்கு.

வேறு கணக்கு என்றது பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயை. வாந்தியும் துர்நாற்றக் கழிச்சலுமாக வரும். தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. ரத்தப் பூச்சில் வெள்ளை அணுவைத் தேட வேண்டியிருக்கும். நாய் பார்வோவுக்கான கிட்டிலேயே பெரும்பாலும் பிடிபடும். தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதை மழுப்பாமல் சொல், ஆனால் ஐந்து நாள் தாண்டினால் நம்பிக்கை கூடும் என்பதையும் சொல். அந்த வைரஸ் ஓர் இடத்தில் ஒரு வருஷம்வரை உயிரோடு கிடக்கும். அதே அறைக்கு அடுத்த மாதம் வேறொரு குட்டியைக் கொண்டுவந்தால் அதுவும் போகும்.

நம் ஊரில் துடைப்பதென்றால் பினாயில், டெட்டால். இரண்டும் இந்த வைரஸைக் கொல்லாது, பூனைக்கோ நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் சோப்பால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, அலசச் சொல். பிழைத்த குட்டிக்கும் நோய் வராத குட்டிக்கும் ஆறு எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொன்றாகப் பதினாறு வாரம்வரை போடு.

இன்னொரு கேள்வியை ஒருபோதும் மறக்காதே: "மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" உடம்பு சுடுகிறதே என்று பாரசிட்டமாலில் கால்பங்கு உடைத்துக் கொடுத்திருப்பார்கள். அதைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும். அந்தக் கால்பங்கே கொல்லப் போதும். கழிச்சலை நிறுத்துகிற லோபெராமைடும் வேண்டாம். ஊரில் பாட்டி சொன்ன வசம்பு, ஜாதிக்காய் உரசலும் வேண்டாம். ஆனால் இந்தக் கேள்வியை அதட்டிக் கேட்டால் பதில் வராது. "நல்லதுக்குத்தான் கொடுத்திருப்பீங்க, என்ன கொடுத்தீங்கன்னு சொன்னா எனக்கு உதவியா இருக்கும்" என்று கேள். குட்டியைக் கொண்டுவருகிறவள், விடுதியில் பூனை வைத்திருக்கக் கூடாது என்று பயந்துகொண்டேதான் வந்திருப்பாள். எந்த விடுதி என்று கேட்காதே, செல் நம்பர் போதும். செலவு எவ்வளவு ஆகும் என்பதை ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடு. கை கழுவச் சொல்லு, குட்டி கடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லு.

இந்த விடுதிப் பிள்ளைகளுக்குச் சுத்தம் தெரியாது என்று மட்டும் நினைக்காதே. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். கெட்ட சோறும் கெட்ட தண்ணீரும் வயிற்றை என்ன செய்யும் என்பதை அவர்களிடமிருந்து நாம் கேட்டுக்கொள்ளலாம்.

அவர்களிடம் நமக்கில்லாத ஒன்றும் இருக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை ஊட்டு என்றால் சென்னையில் தனியாக இருக்கும் ஐ.டி.க்காரர் தடுமாறிப்போவார். இங்கே ஓர் அறையில் ஆறு பேர், மூன்று ஷிப்ட். எந்நேரமும் யாராவது ஒருத்தி விழித்திருப்பாள். ஷிப்ட் முடிந்தால் அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற பழக்கம் ஊறிப்போனவர்கள். மருந்துச் சீட்டில் 1-0-1 எழுதுவதை விட்டு, ஷிப்ட் வாரியாகக் கட்டம் போட்டுக் கொடு: மணி, எடை, எத்தனை மில்லி, மலம் எப்படி, யார் ஊட்டியது. கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல். ஒடியாவோ அசாமியோ பேசினாலும் கட்டம் புரியும். லைனில் ஒரு ஸ்க்ரூ விடாமல் சரிபார்க்கிற கை, ஒரு வேளையை விடாது. நான் ஓய்வுபெறும் முன் பார்த்த குட்டிகளில் பிழைத்தவை பலவும் என் ஊசியால் அல்ல, அந்தக் கட்டத்தால் பிழைத்தவை.

உன் கிளினிக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர். 1017இல் இராமானுசர் பிறந்த ஊர். அவருக்குப் பின்னால் வைணவத்தில் ஒரு விவாதம் எழுந்தது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும், பக்தனும் அப்படித் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டி எதையும் பற்றாது, தாயே கவ்விக்கொண்டு போகும், காப்பது அவள் பொறுப்பு என்றது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்பார்கள். தத்துவத்தில் எது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் தாயை இழந்து சில்லிட்டுக் கிடக்கிற குட்டியை நூற்றுக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பற்றிக்கொள்ளாது. பசி என்று கத்தக்கூட அதற்குத் தெம்பிருக்காது. கவ்விக்கொண்டு போக யாராவது வேண்டும். உன் மேஜையில் அது பத்து நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் அதைக் கவ்விப் பிடிக்கப் போகிறவள் எதிரே நிற்கிறாள், ஐ.டி. கார்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்தவள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் நீ பார்க்கும் வைத்தியத்தில் பெரும்பங்கு.

தராசு ஒன்று அனுப்பியிருக்கிறேன், கிராம் காட்டும். தினமும் எடையை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், எண் மட்டும் போதும் என்று சொல். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள், தூங்கப் போகும் முன் அனுப்புவாள். முதல் நாள் 388 வரும். மறுநாள் 385 வரும். பதறாதே, கூப்பிட்டுப் பேசு. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு 391 என்று வந்தால், அன்றைக்கு எனக்கும் ஒரு போன் செய்.

அன்புடன்,
உன் பழைய சார்
காஞ்சிபுரம்