கொடுமணலுக்குச் சங்கம் தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கொடுமணல் தொல்லியல் மேட்டைக் காக்க நண்பர்களோடு சேர்ந்து சங்கம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. சூதுபவளத்தையும் படியூர்ப் பச்சைக்கல்லையும் மணியாக்கிய ஊர் அது; இரும்பு உருக்கிய ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழத் தொடங்கியது முதல் எத்தனையோ கிடைத்துவிட்டன. இன்னும் மண்ணுக்குள் இருப்பதற்குத்தான் காவல் வேண்டும்.

உங்கள் விதிகளில் முதலாவதாக இதை எழுதுங்கள்: உறுப்பினர் எவரும் அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. மழை பெய்த மறுநாள் நொய்யல் வடகரை உழவுக்காட்டில் நடந்து பார். காலடியில் ஓடு கிடக்கும்; உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. திருப்பினால் கூர்முனையால் கீறிய இரண்டு எழுத்து இருந்தாலும் இருக்கும். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கும். போடாதே. எந்தக் காட்டில், எந்த மூலையில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அடியில் வீடு இருந்ததா, உலை இருந்ததா என்று ஆய்வாளர் யோசிக்கவாவது முடியும். உன் மேசைக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. அளவு தெரியப் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடு, இடத்தைக் குறித்துக்கொள், தொல்லியல் துறைக்குத் தெரிவி. அங்குள்ள கற்பதுக்கைகளின், அதாவது பழைய ஈமக்குழிகளின், பலகைக் கற்களில் சாக்பீஸ் படக் கூடாது. கம்பி பிரஷ் கூடவே கூடாது.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. பதாகை அடிக்கும் முன் நிலக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார். "எங்க காட்டை அரசாங்கம் எடுத்துக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான பயம். மழுப்பாதே. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். அவர்களுடைய சர்வே எண்ணுக்கு இது பொருந்துமா என்று விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு போ. கீழடியில் அகழாய்வுக் குழிகள் தனியார் தென்னந்தோப்புகளில்தான் வெட்டப்பட்டன. தோப்புக்காரர்கள் சம்மதித்திராவிட்டால் அந்தச் செங்கல் கட்டுமானங்களை நாம் பார்த்திருக்க முடியாது. நிலக்காரரைப் பகைத்துக்கொண்ட சங்கம் ஆண்டுவிழா நடத்தலாம், மேட்டைக் காக்க முடியாது. ஜேசிபி வரும் நாளில் உனக்குப் போன் செய்யப்போகிறவர் பக்கத்துக் காட்டுக்காரர்தான்.

பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் விட்டுவிடாதே. கீழடியின் பழமையை முதலில் உணர்ந்து சொன்னவர் வி. பாலசுப்பிரமணியம் என்ற பள்ளி ஆசிரியர்.

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். அதில் இருவராவது அந்த மேட்டில் உழுகிறவர்களாக இருக்கட்டும். அவர்கள் கையெழுத்து விழுந்த பிறகு மாவட்டப் பதிவாளரிடம் போ. தொடக்க விழாவை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்