வடநெம்மேலியில் ஒரு வாணிகம்

வாணிகம் என்றவுடன் நம் மாணவர் உள்ளத்திற் தோன்றுவன பெருங்கடைகளும் பேரேடுகளும் கப்பற் சரக்குமேயாம். சிறுதொழிலொன்றை ஒருவர் எங்ஙனம் கற்கின்றார், அதற்கு எத்துணைக் காலம் வேண்டும், அக்காலமெல்லாம் அவர் எதனைக்கொண்டு உயிர்வாழ்வார் என்னும் வினாக்களை யாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவற்றிற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதின்று. 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைக்கப்பெற்ற செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னையினின்று மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்னும் ஊர் உளது. அங்கே முதலைப் பண்ணையின் வளாகத்துள் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கமே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பொறுமை என்னுஞ் சொல்லை முதற்கண் தெளிவு செய்துகொள்ளல் நன்று. திருவள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்தார்; அது பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் பற்றியது. காலமறிதலையும் ஆள்வினையுடைமையையும் பொருட்பாலில் வைத்தார். அவை காலம் நோக்கிக் காத்திருத்தலும் இடைவிடாது முயலுதலும் பற்றியவை. வாணிகத்துக்கு வேண்டும் பொறுமை இப்பின்னவற்றைச் சார்ந்ததென்பதே எம் துணிபு. கடன் கொடுத்தவனையும் தரகனையும் வாய்திறவாது பொறுத்துக்கொள்வதே பொறுமை என்று ஏழைகட்கு அறிவுரை கூறுவார் பலர். அவ்வறிவுரை கூறுவோர்க்கே பயன்படுவதன்றிக் கேட்போர்க்குப் பயன்படுவதன்று.

இருளர் இந்நிலத்துப் பழங்குடியினர். மணலிற் பதிந்த தடம், உரித்துவிட்ட சட்டை, வளைவாயிலிற் கிடக்கும் எச்சம் இவற்றைக்கொண்டே உள்ளிருப்பது இன்ன பாம்பு என்று சொல்ல வல்லவர். கணவனும் மனைவியுமாகக் கடப்பாரையொன்றுடன் வயல்வரப்புகளிற் சென்று வளைகளைத் தோண்டிப் பாம்பும் எலியும் பிடிப்பது அவர்தம் வழக்கம். இக்கல்வி ஏட்டில் எழுதப்படாதது; குழந்தைப் பருவந்தொட்டுத் தாய்தந்தையர் பின்னே நடந்தே பெறுவது. நால்வகைப் பாக்களின் இலக்கணத்தை மூன்றாண்டுகளிற் கற்று முடிக்க முயலும் எம்போலியர்க்கு அது வியப்பையே தருகின்றது.

இத்துணை நுண்ணறிவும் பல்லாண்டுகள் தோல் வணிகர்க்கே பயன்பட்டது. பாம்பைக் கொன்று தோலை விற்றால் அன்றைய கூலி அன்றே கிடைக்கும். 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. சட்டம் நன்றே. ஆயினும், நேற்றுவரை தொழிலாயிருந்தது இன்று குற்றமாயிற்று. அடுப்பில் உலையேற்ற வேறு வழி காட்டுவார் இலர். இந்நிலையிற்றான், முதலைப் பண்ணையை நிறுவியோருள் ஒருவரான ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணைநிற்க, 1978-இல் இக்கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. பாம்பைக் கொல்லாது அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்றல் அதன் நோக்கம்.

சொல்வதற்கு எளிது. தோல் வாணிகத்துக்கும் நஞ்சு வாணிகத்துக்கும் உள்ள வேற்றுமையோ பெரிது. முன்னது ஒரு பாம்பை ஒரு முறை விற்று முடிப்பது. முதலையே தின்னும் வாணிகம். (முதலைப் பண்ணையில் இருந்துகொண்டு இவ்வாறு எழுதுவது சிலேடையாயிற்று, தமிழ் மாணவரை அதற்காக மன்னிக்க.) பின்னது முதலைக் காத்து, அதன் வளர்ச்சியை மட்டும் கொள்வது.

அம்முறையைச் சிறிது விரித்துரைப்போம். எந்த இனத்தில் எத்துணைப் பாம்புகள் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் உரிமமே வரையறுக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே கொள்ளப்படுவன. கொணர்ந்த பாம்பின் நீளமும் எடையும் குறிக்கப்பெற்று ஏட்டில் ஏறும். பின்னர் அது மணல் நிரப்பி வாய்க்குத் துணி கட்டிய மட்பானையுள் வைக்கப்படும். சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கச் செய்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுப்பர். அதன்மேல் ஒரு துளியும் எடார். வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுவர். அடையாளத்துடன் மீண்டும் அகப்படும் பாம்பு ஏற்கப்படுவதில்லை. சில முறை சட்டையுரித்த பின்னர் அவ்வடையாளம் தானே மறையும். அப்பொழுது அது மீண்டும் கொள்ளத் தகும்.

விளைவின் அளவு நோக்கின் திகைப்பே உண்டாம். சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் ஒரு முறைக்குச் சில மில்லிகிராம் அளவே நஞ்சு தருவன. ஒரு கிராம் சேர ஏறத்தாழ 100 முறையேனும் எடுத்தல் வேண்டும். எடுத்ததனை உறையச் செய்து, நீர் நீங்க உலர்த்தித் தூளாக்கி, மருந்து செய்வோர்க்கு விற்பர். அவர்கள் அதனை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக மிகுத்துக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியினின்று நச்சுமுறி மருந்தை வடிப்பர். 1895-இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்பர்ட் கால்மெட் வகுத்த நெறி இதுவே. 2000 முதல் 2019 வரை இந்திய நாட்டிற் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 லட்சம், அஃதாவது ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் என 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. அப்பானைகளின் சிறப்பு இதனால் விளங்கும்.

இனி, எம் வினாவுக்கு வருவோம். உரிமம் வரும்வரை, பாம்பு அகப்படும்வரை, நஞ்சு சேரும்வரை, வாங்குவோர் வரும்வரை காத்திருக்கவேண்டிய இத்தொழிலை, அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர் எங்ஙனம் நடத்துவது? காத்திருக்க இயலாத ஏழை முன்பணம் வாங்குவான். முன்பணம் வாங்கியவன் கதை நம் மாவட்டத்தார் அறிந்ததே: காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளின் அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கொத்தடிமைகளாய்ச் சிக்கிய இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி பன்முறை வெளிவந்துளது. அவர்கள் பொறுமையில்லாதவர் அல்லர். வளைவாயிலில் நாழிகைக் கணக்காய் அமர்ந்திருப்போர்க்குப் பொறுமை கற்பிக்க எவரால் இயலும்? காத்திருத்தற்கு வேண்டும் கைப்பொருளே அவர்பால் இல்லாதது.

சங்கத்தின் திறம் இவ்விடத்திலேதான் விளங்குகின்றது. உறுப்பினர் கொணரும் பாம்புக்குத் தலைக்கு இவ்வளவெனச் சங்கம் விலை கொடுத்துவிடும். நஞ்சு திரண்டு, தூளாகி, விலைபோகும்வரை காத்திருக்கும் சுமையைச் சங்கம் தன் தோளில் ஏற்றுக்கொள்ளும். தனியொருவரால் தாங்கவொண்ணாத காத்திருப்பை 350 பேரளவில் உறுப்பினர் கொண்ட ஒரு கூட்டம் பகிர்ந்து சுமக்கின்றது. நிறை, விலை, இருப்பு, வரவு, செலவு என்னும் கணக்கறிவும் இம்முறையாலேயே படிப்படியாக வேரூன்றும். வயிறு நிரம்பிய பின்னரன்றோ ஏடு கையிலேறும்! தனித்தொழில் தொடங்குவோரை ஊக்கமும் விடாமுயற்சியும் இருந்தாற் போதும் என்று தட்டிக்கொடுத்தனுப்பும் ஆசிரியர் இதனைக் கருதிப் பார்ப்பாராக. முதலாண்டிலேயே இலாபம் காணாத சிறுகடை பலவும் மூடப்படுவது கடைக்காரர் சோம்பலால் அன்று. இரண்டாம் ஆண்டுவரை அவரைத் தாங்குவார் இன்மையாலேயே என்பது எம் கருத்து.

இருளர் மகளிரும் 1986-இல் தமக்கென ஒரு நலச்சங்கம் கண்டனர். செங்கற்பட்டுக்கு அண்மையில் தண்டரையில் மூலிகைகளும் நாற்றுகளும் வளர்த்து விற்கும் அவர்தம் தொழில் தனிக்கட்டுரைக்குரியது.

2023-இல் இச்சங்கத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அவ்விருவருமே 2017-இல் அமெரிக்க நாட்டின் புளோரிடாவுக்கு அழைக்கப்பெற்று, அந்நிலத்து உயிரினங்களை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர். அங்குச் சென்ற முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. மோப்பநாய்களையும் கருவிகளையும் நம்பியிருந்த அந்நாட்டார், கடப்பாரையுடன் மெல்ல நடந்து நிலத்தைப் படிக்கும் இவர்தம் முறையை வியந்து நோக்கினர்.

சங்கத்தின் முன் இப்பொழுது புதியதொரு பாடம் நிற்கின்றது. ஒரே இனப் பாம்பாயினும் அதன் நஞ்சு இடத்துக்கிடம் வேறுபடுமென ஆய்வாளர் நிறுவியுள்ளனர். இக்கடற்கரைப் பகுதிப் பாம்பின் நஞ்சினால் செய்த மருந்து, வடநாட்டிலும் மேலைப் பகுதியிலும் கடியுண்டார்க்கு அதே அளவிற் பயன் தருமென உறுதி கூறவியலாது. ஆகவே, பல நிலத்து நஞ்சும் சேர்க்கப்படல் வேண்டும் என்னும் குரல் வலுத்துவருகின்றது. அது நிறைவேறுங்கால், வடநெம்மேலியின் பானைக்கே இந்நாடு முழுதும் காத்திருந்த நிலை மாறும். இருளர் பிற நிலங்கட்குச் சென்று அங்குள்ளார்க்குத் தொழில் கற்பிப்பரா, அன்றிப் புதிய போட்டியாளரை எதிர்கொள்வரா என்பது வரும் ஆண்டுகளிற் தெரியும். கற்பிக்கச் செல்வாராயின், முதலிற் கற்பிக்கவேண்டுவது பாம்பு பிடித்தலையா, சங்கம் நடத்துதலையா என்பதனை மாணவ நண்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.